சுமார்தான் என்று அவர் சொன்ன கார்

எங்கள் தலைமையாசிரியரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பள்ளிக்கூடத்து வானொலி பழுதாகி மூலையில் கிடந்தபோது அதன் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, உள்ளங்கைக்குள் அடங்கும். அதைக் கைக்குட்டையில் சுற்றி இடப்பக்கப் பையில் போட்டிருப்பார். கடிகாரம் கட்டியிருந்ததும் இடக்கையில்தான். யோசிக்கும்போது இடக்கையை மடித்துச் சட்டைப் பையின்மேல் வைத்துக்கொண்டு நிற்பது அவர் பழக்கம். அப்போதெல்லாம் கடிகாரம் காந்தத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். சில மாதங்களில் கடிகாரம் வேகமாக ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் பள்ளி மணி அடிப்பது வழக்கம் என்பதால், ஜவ்வாது மலைமேல் இருந்த எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் வெகுநாள் மணி முன்கூட்டியே அடித்தது. பிள்ளைகள் யாரும் புகார் செய்யவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான். அவர் கடிகாரத்தை வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். காந்தத்தை இடம் மாற்றவில்லை. அது கார் வாங்குவதற்கான காந்தம்.

பழைய காரின் உடம்பில் அடிபட்டு நசுங்கிய இடங்களைப் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கண்ணுக்குப் புதிதுபோலத் தெரியும். காந்தத்தை ஏமாற்ற முடியாது. தகரத்தில் ஒட்டும், பட்டியில் வழுக்கும். தலைமையாசிரியர் அதைக் கைக்குட்டையோடு எடுத்து, வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல, கதவுக்குக் கீழே, சக்கரத்துக்கு மேலே, விளக்கைச் சுற்றி என்று மெல்ல நகர்த்திக்கொண்டே போவார். வழுக்கிய இடத்தில் நிறுத்தி, விற்பவரை நிமிர்ந்து பார்ப்பார். 

நான் அந்தப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். வயதில் அவரைவிடச் சில ஆண்டுகளே இளையவன். விடுமுறை நாட்களில் மலையிலும் செங்கம் பக்கத்துக் கிராமங்களிலும் நிற்கும் நடுகற்களைத் தேடிப் போய், எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய மாடுகளை மீட்கப் போய் யார் விழுந்தான் என்று எழுதி வைப்பது எனக்கு அப்போதே பிடித்துக்கொண்ட பைத்தியம். ஆயிரம் ஆண்டுக்கு முன் செத்தவனின் காலத்தைச் சரியாகக் குறித்து வைத்த நான், கண்முன்னே நடந்த இந்தக் கதைக்கு நாள் குறிக்கவில்லை. எழுபதுகளின் கடைசி என்பது நிச்சயம். மற்றபடி புளி உலுக்கிய பருவம், சாமை அறுத்த பருவம் என்றுதான் என்னால் வரிசைப்படுத்த முடிகிறது.

தலைமையாசிரியரின் மனைவியும் ஆசிரியைதான். கீழே, கணியம்பாடியில் வேலை. எல்லோருக்கும் அவர் டீச்சர்; எனக்கும் அப்படியே. திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. அதில் பெரும்பகுதி அவர் மலையிலும் டீச்சர் கீழேயுமாகக் கழிந்தது. முதலில் டீச்சரின் அப்பா படுக்கையில் இருந்தார். அவரை விட்டு வர முடியாது. அவர் காலமான பிறகும் ஏற்பாடு மாறவில்லை. மலையில் தலைமையாசிரியருக்குக் கிடைத்த குடியிருப்பு ஒற்றை அறை, தகரக் கூரை, மழை பெய்தால் கட்டிலை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே ஒரு பெண்ணை எப்படிக் குடிவைப்பது என்று அவரே முடிவு செய்துவிட்டார். மலைக்கு வந்த பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலைப் பேருந்து மேலே ஏறிச் சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். மாலைப் பேருந்து கடைசி மணிக்கு முன்பே இறங்கிவிடும். ஆகவே வாரம் முழுவதும் மேலே, சனிக்கிழமை மட்டும் கீழே.

இதற்கு வழி கார்தான் என்று இருவரும் சேர்ந்து தீர்மானித்திருந்தார்கள். அடிவாரத்தில், அமிர்தியில், ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். டீச்சர் அங்கிருந்து பேருந்தில் கணியம்பாடிக்குப் போகலாம். அவர் காரில் மலையேறிப் பள்ளிக்கு வந்து மாலையில் இறங்கிவிடலாம். மோட்டார் சைக்கிள் போதாதா என்று கேட்காதவர்கள் இல்லை. ஒருமுறை இரவல் வண்டியில் சறுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து வந்தவர் அவர். இரண்டு சக்கரம் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. புதுக் காருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் காலம் அது. தவிரவும், வாத்தியார் சம்பளம். பழைய காராக, சின்னதாக, நம்பகமானதாக ஒன்று. கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது.

பழைய கார் பார்ப்பதில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு எந்த வாத்தியாருக்கும் தெரிந்திருக்காது. புத்தகம் வாங்கிப் படித்தார், வேலூரில் பட்டறை பட்டறையாக நின்று கேட்டார். விற்பவர் எழுந்திருப்பதற்கு முன்பே போய் நிற்க வேண்டும் என்பார். சூடேற்றி வைத்த எஞ்சின் நோயை மறைத்துவிடும். முதலில் பானெட்டின்மேல் கை வைத்துச் சூடு பார்ப்பார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்ப்பார். வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டுச் சைலன்சர் வாயில் வெள்ளைத் துணி பிடிப்பார். மிதியடியைத் தூக்கித் துரு தேடுவார். மீட்டர் குறைவாகக் காட்டினால் நேரே கிளட்ச் மிதியின் ரப்பரைப் பார்ப்பார். "மீட்டரைத் திருப்பி வைக்கலாம் சார், தேஞ்ச ரப்பரைத் திருப்பி வளர்க்க முடியாது" என்பார். கடைசியாகப் பாலத்து ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின்னால் உருளாமல் மேலே கிளம்புகிறதா என்று பார்ப்பார். நானும் கூடப் போவேன். அவருக்குத் துணை வேண்டும். எனக்குப் போகிற வழியில் கல் ஏதாவது கிடைக்காதா என்ற ஆசை.

வேலூரில் பழைய வண்டி தரகு செய்த ஒரு பாய்தான் எங்களுக்கு வண்டிகள் காட்டியவர். வெற்றிலைச் சிவப்பு வாயும் வெள்ளைத் தொப்பியுமாக, ஒரு புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"இன்னா சார், காரு பாக்க வந்தீங்களா, காருக்கு மாப்ள பாக்க வந்தீங்களா? நாலு வாட்டி சுத்தி வர்றீங்க, ஒரு வாட்டியாச்சும் சிரிங்களேன். பாவம், அது பயந்துக்குது."

"சிரிச்சா நீ வெலைய ஏத்திடுவ பாய்."

"அல்லா சத்தியமா ஏத்த மாட்டேன். ஒருவாட்டி சிரிச்சுத்தான் பாருங்களேன்."

அவர் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் அவர் பிறந்த வீடு. கணியம்பாடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய குடும்பம் தலைமுறையாக மாட்டு வியாபாரம் செய்தது. செங்கம் சந்தைக்கு மாடு பிடித்துப் போய் விற்பதும் வாங்குவதுமாக வளர்ந்த குடும்பம். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் துண்டை விரித்துக் கையை மூடுவார். அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. வாங்குகிறவன் மாட்டைப் புகழக் கூடாது. பிடித்துப்போன மாட்டுக்குத்தான் அதிகக் குறை சொல்ல வேண்டும்: பல் சரியில்லை, சுழி சரியில்லை, பின்னங்கால் வளைவு. பிறகு வேண்டாம் என்று திரும்பி நடக்க வேண்டும். தரகர் பின்னால் ஓடிவந்து தோளைப் பிடித்து இழுப்பார். மறுபடி பேச்சு, மறுபடி நடை. மூன்றாவது முறை இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான் அச்சாரம். யாரும் கூப்பிடாமல் தானாகத் திரும்பி வருகிறவனைப் பார்த்துச் சந்தையே சிரிக்கும். அச்சாரம் கொடுக்கும்வரை வீட்டில்கூட "நல்ல மாடு" என்று சொல்ல மாட்டார்கள்; சொன்னால் கண்பட்டு வியாபாரம் முறிந்துவிடுமாம். தலைமையாசிரியர் பட்டம் படித்தவர், பகுத்தறிவு பேசுகிறவர். ஆனால் வாங்குவது என்று வந்துவிட்டால் அவர் முகம் தானாகவே சந்தை முகமாகிவிடும். பொருள் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு அந்த முகம் மங்கும். அதைப் படிக்க நான் கற்றுக்கொண்டிருந்தேன். முகம் பிரகாசமாக இருந்தால் அந்த வண்டி தேறாது என்று அர்த்தம்.

இப்படியே பல வண்டிகள் கழிந்தன. ஒன்றில் சேஸிஸ் வளைந்திருந்தது. ஒன்றில் ஆர்.சி. புக்கில் ஏழெட்டுப் பெயர்கள். ஒன்றில் கதவு முழுக்கப் பட்டி. காந்தம் நேரே தரையில் விழுந்தது. கழித்ததில் தவறு சொல்ல முடியாது. ஆனால் மலையில் அதற்குள் விஷயம் பரவிவிட்டது. பெரிய வாத்தியாருக்குக் கார் வருகிறது என்று ஊர்க்கவுண்டரே ஆள் சேர்த்து, பள்ளிக்குப் பின்னால் மூங்கில் நட்டுப் புல் வேய்ந்து ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்துவிட்டார். பிள்ளையைப் பார்க்க வருகிற அப்பன்மார்கள் முதலில் கொட்டகையை எட்டிப் பார்ப்பார்கள். சாமை அறுப்பு முடிந்து ஊர்க்கவுண்டர் வந்தவர், வாசலில் நின்றபடியே சத்தமாகக் கேட்டார்:

"வாத்தியாரே, கொட்டாய்ல ஆடு ரெண்டு ஈத்து ஈனிடுச்சு. உங்க காரு இன்னும் சினையே ஆவலியா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் அவர் என்னிடம் சொன்னது சிரிப்புக்குரிய விஷயமல்ல. டீச்சருக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. தெற்கே வெகுதூரத்தில், விழுப்புரத்துக்கும் அப்பால். முன்பு இரண்டு முறை வந்ததை டீச்சர் மலையடிவாரத்தை விட்டுப் போக மனமில்லாமல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாவது முறையும் மறுத்தால் அப்புறம் கேட்கவே மாட்டார்கள். பள்ளியைக் கோடை விடுமுறைக்கு அடைப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். "கார் வந்துட்டா அமிர்திக்குப் போவலாம், இதையும் வேணாம்னு எழுதிடறேன். வரலன்னா நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்" என்று டீச்சர் சொல்லியிருந்தாராம். இதைச் சொல்லும்போது தலைமையாசிரியரின் முகம் சந்தை முகமாகத்தான் இருந்தது. அதனால் அவருக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரிந்தது.

அந்தக் கெடுவுக்குள், புளி உலுக்கிக்கொண்டிருந்த நாட்களில், பாய் சொல்லியனுப்பினார்: வேலூரில் ஓய்வு பெற்ற ஒரு டாக்டர், மகனோடு போய் இருக்கப் போகிறார், சின்னக் கார், ஒரே கை ஓட்டியது.

அந்தக் காலை இன்னும் என் கண்ணில் அப்படியே இருக்கிறது. வேப்பமரம் நின்ற முற்றம். ஓட்டுக் கொட்டகைக்குள் இளநீல நிறத்தில் இரண்டு கதவு வைத்த சின்னக் கார். முன்மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கிற வகை. திறந்தால் சக்கரத்திலிருந்து எஞ்சின்வரை எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். பானெட் சில்லென்றிருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போல. வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பியது. காந்தம் ஓரிடத்திலும் வழுக்கவில்லை. எடுக்கும்போது டக்கென்று சத்தம் கேட்டது. கிளட்ச் ரப்பர் தேய்ந்திருந்தது, மீட்டரும் அதற்கேற்றபடி நேர்மையாக அதிகம் காட்டியது. டாக்டர் கதர் பனியனோடு பக்கத்தில் நின்று தானாகவே சொன்னார்: "எது வேணும்னாலும் கேளுங்க சார். போன வருஷம் பின் டயர் ரெண்டும் மாத்தினேன். மழை பெய்ஞ்சா ஹாரன் கொஞ்சம் கம்மும். வேற ஒண்ணும் எனக்குத் தெரிஞ்சு இல்ல." பாலத்து ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பினோம். ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் பூனை போல ஏறியது.

தலைமையாசிரியரின் முகம் மங்கத் தொடங்கியது. நான் இவ்வளவு மங்கி அதற்கு முன் பார்த்ததில்லை. டாக்டர் விலை சொன்னார். நியாயமான விலை, பாய்கூட அதைக் கேட்டுத் தலையசைத்தார்.

"பரவால்ல. ஆனா மலைக்கு இது தாங்குமான்னு தெரியலயே" என்றார் தலைமையாசிரியர்.

"எந்த மலை?"

"ஜவ்வாது மேல எனக்கு டியூட்டி. தெனம் ஏறி எறங்கணும், ஒரே வளைவு. எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி கேக்குது. பிரேக்குலயும் அவ்ளோ நம்பிக்கை வரல."

"பிரேக்கா?" டாக்டரின் முகம் மாறிவிட்டது. பாய் பின்னாலிருந்து இருமினார். டாக்டர் காரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "நான் டவுனுக்குள்ளயே ஓட்டினவன். மலையில எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்க இவ்ளோ ஆராய்ஞ்சு பாத்துச் சொல்றீங்க. வேண்டாம் சார். அங்க ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் எனக்குத் தூக்கம் வராது. நீங்க வேற நல்ல வண்டியா பாத்துக்குங்க."

சந்தையில் விற்கிறவனும் இப்படித்தான் சொல்வான்: வேணாம்னா வுடு. அது ஆட்டத்தில் ஒரு காய். ஆனால் டாக்டர் ஆட்டம் ஆடவில்லை. பிரேக் சரியில்லை என்று ஒருவர் சொன்னால் நம்பி, நோயாளிக்குத் தீங்கு வரக் கூடாதென்று மருந்தை மாற்றுகிறவரைப் போல, அவர் மனதார மறுத்துவிட்டார். தலைமையாசிரியருக்கு அது புரியவில்லை. "சரிங்க" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். மெதுவான நடை. வேப்பமரத்தடியில் செருப்பு வாரைச் சரி செய்ய நின்றார். கேட்டருகே வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். தெருவுக்கு வந்து ஒரு சுவரொட்டியை வாசித்தார். பின்னால் காலடி கேட்டது. டாக்டர் வேகமாக வந்துகொண்டிருந்தார். தலைமையாசிரியரின் தோள்கள் ஒரு கணம் நிமிர்ந்தன.

"காந்தத்தை வண்டி மேலயே வச்சுட்டு வந்துட்டீங்களே" என்று மூச்சு வாங்க நீட்டினார் டாக்டர். "உங்களுக்கு உபயோகமான சாமான்." கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்க் கேட்டைத் தாழிட்டார்.

பாய்க்கு ஆற்றாமை. "இன்னா சார் நீங்க, தங்கமான வண்டி, தங்கமான மனுஷன். ஒரு வார்த்த சரின்னா சாவியக் குடுத்திருப்பாரே. நான் உள்ள போய்ப் பேசட்டா?"

"வேணாம் பாய். தெருவரைக்கும் வந்துட்டாரு, பாத்தல்ல? அவருக்கும் விக்க மனசு இருக்குது. ரெண்டு நாள்ல அவரே உன்னக் கூப்புடுவாரு."

"காந்தத்தைக் குடுக்க வந்தார் சார்" என்றேன் நான்.

"அது சாக்கு."

"நாமே திரும்பிப் போய்ப் பிடிச்சிருக்குன்னு சொல்லிடலாம்."

"தானா திரும்பிப் போனா நாம இன்னா மனுஷன் சார்?" என்றார்.

கணியம்பாடியில் டீச்சர் சமையலை முடித்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். புதுப்புடவை கட்டியிருந்தார், கார் வந்தால் அதிலேயே கோயிலுக்குப் போவதாக எண்ணம் போலும். எங்களை நடந்து வரக் கண்டதும் தெருக்கோடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இன்னாங்க, எப்படி?" என்றார்.

"சுமார்தான்" என்றார் அவர்.

"ரொம்ப நல்ல வண்டி டீச்சர்" என்றேன்.

"சாருக்குக் கல்லுலதான் கண்ணு. காரப் பத்தி இன்னா தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே அவர் கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். டீச்சரும் சிரித்தார். அவர் போன பிறகு சிரிப்பு நின்றது.

"நெசமாச் சொல்லுங்க சார். இவரு வண்டி பாக்குறாரா, வராம இருக்கறதுக்கு வழி பாக்குறாரா?"

சந்தைப் பழக்கத்தைச் சொன்னேன், அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது என்றும் சொன்னேன். டீச்சர் தலையை ஆட்டினார். "பதினோரு வருஷமா நான் பாக்குற மூஞ்சி சார் அது. பிடிச்சிருந்தா எனக்குத் தெரியாதா?" என்று இலை போட உள்ளே போய்விட்டார். டீச்சர் பார்த்த முகம் எது என்பதைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பெண் பார்க்கப் போன அன்றும் அந்த மனிதர் அந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருந்திருப்பார்.

டாக்டர் கூப்பிடவில்லை. இரண்டு வாரம் பொறுத்து நாங்கள் வேலூருக்குப் போனபோது பாய் எழுந்து நின்று வரவேற்றார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. "போய்டுச்சு சார்" என்றார். டாக்டரிடம் வேலை பார்த்த ஒரு நர்ஸம்மா, அவர் சொன்ன விலைக்கு ஒரே வார்த்தையில் சரி என்று எடுத்துக்கொண்டாராம். பிரேக்கையும் ஒரு பட்டறையில் காட்டிப் பார்த்தார்களாம், புதிதுபோல இருந்ததாம்.

தலைமையாசிரியர் அங்கே கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்தார். அவர் முகம் முதன்முதலாக எதையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வரிசையில் நின்ற ஒரு பச்சைக் காரைக் காட்டி, "இது இன்னா வெல?" என்றார். பாய் விலை சொன்னார். "சரி" என்றார். கைக்குட்டை பையிலிருந்து வெளியே வரவில்லை. மூடியைத் திறக்கவில்லை, சுற்றி வரவில்லை.

"சார், அது வேணாம். நானே சொல்றேன். அடிபட்ட வண்டி அது. அடுத்த வாரம் வாங்க, நல்லதாக் காட்டறேன்" என்று தரகரே கையைப் பிடித்துக் கெஞ்சினார். நானும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அன்று பகலிலேயே, கடகடவென்று ஆடுகிற அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கணியம்பாடிக்குப் போனோம். வழியில் இரண்டு முறை நின்று தண்ணீர் ஊற்றினோம். ஹாரனை அடித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தார். அவ்வளவு சத்தமாக அவர் எதையும் அறிவித்து நான் கண்டதில்லை.

டீச்சர் வெளியே வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். பூசிய பெயிண்டை விரலால் தொட்டார். பதவி உயர்வுக்குச் சம்மதித்து முந்தின நாள்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

"எங்க பாத்தீங்க இத?"

"இன்னைக்குத்தான். பாத்த ஒடனே வாங்கிட்டேன்."

"வெல பேசலியா?"

"இல்ல."

டீச்சர் பெயிண்டைத் தொட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "இவ்ளோ சுளுவா வாங்க முடியும்னா, இத்தன வருஷம் எதுக்குங்க காத்துக்கினு இருந்தோம்?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் பள்ளி திறந்ததும் தெற்கே போனார். பச்சைக் கார் மலைக்கு ஏறிய முதல் மழைக்காலத்திலேயே பாதி வழியில் நின்றுவிட, மாடு பூட்டித்தான் இழுத்து வந்தார்கள். அதை விற்றுவிட்டு அவர் வேறு கார் வாங்கவில்லை. சண்டை எதுவும் இல்லை. விடுமுறைகளில் ஒருவர் இன்னொருவர் ஊருக்குப் போனார்கள், தீபாவளி கொண்டாடினார்கள், உறவுக்காரர் கல்யாணங்களில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எண்பதுகள் முழுவதும் இப்படித்தான். எனக்கு மாற்றலாகி நான் மலையிறங்கிய பிறகும் அவர் அங்கேயே இருந்தார். இருவரும் ஓய்வு பெற்றபின் கணியம்பாடி வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். அதற்குள் அவருக்குக் காது மந்தம், டீச்சருக்கு முழங்கால் வலி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மரியாதையாக விசாரித்துக்கொள்வதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல இருக்கும்.

சென்ற ஆண்டு அவர் காலமானார். காரியத்துக்குப் போயிருந்தேன். இன்று அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு கார் நிற்கிறது. மலைமேலிருந்து எங்கள் பழைய மாணவர்கள் சொந்தக் கார்களில் வந்திறங்கினார்கள். பாதை அகலமாகிவிட்டது. சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தபின் டீச்சர் என் எதிரே ஒரு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த டாக்டர் காரு, நெசமாவே நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்ல வண்டி டீச்சர்."

"அன்னைக்கும் அதான் சொன்னீங்க. நான்தான் நம்பல. அவரு சொன்னத நம்பிட்டேன்."

அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எத்தனையோ தடவை அந்தக் காலையை நினைத்துப் பார்த்தும் இது மட்டும் வராமலேயே இருந்தது. விலை பேசுவதற்கு முன் டாக்டர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தார். தலைமையாசிரியர் ஓட்டுகிறவர் பக்கத்தை விட்டுவிட்டு, காரைச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார். அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி உட்கார்ந்தார். புடவைத் தலைப்பு கதவில் மாட்டுமா என்று தன் வேட்டி நுனியை விட்டுக் கதவைச் சாத்திப் பார்த்தார். சன்னல் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டினார். "வளைவுல அவளுக்குத் தலை சுத்தும். இங்க நல்லா காத்து வருது" என்றார். பழைய கார் பார்ப்பதில் அந்தச் சோதனையை அவர் வேறு எந்த வண்டியிலும் செய்ததில்லை.

நான் சொல்லி முடிக்கும்வரை டீச்சர் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எங்கிட்ட சொல்லியிருந்தா," என்றார் பிறகு, "காரு எதுக்கு சார்? அந்த ஒழுகற வூட்டுக்கு நான் பஸ்ஸுலயே ஏறி வந்திருப்பேனே."